அக்கா இறங்காத ஸ்டேஷன்

அக்காவைக் கலிஃபோர்னியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் அவள் மகனிடம் விட வேண்டும். மூன்று வாரம் கூடவே இருக்க வேண்டும். அவள் அங்கேயே தங்கச் சம்மதித்தால் தனியாகவும், சம்மதிக்காவிட்டால் அவளோடும் திரும்பி வர வேண்டும். எனக்கு இடப்பட்ட வேலை இவ்வளவுதான். இலங்கை மலைநாட்டில், பதுளையில் இருபத்தாறு வருடமாக ஆங்கிலம் கற்பிக்கிறவன் என்பதால், இதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்று குடும்பத்தில் எல்லோரும் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை.

அக்கா பெயர் பாக்கியம். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினாறு வயதில் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டியவள், ஐம்பத்தைந்தில்தான் இறக்கி வைத்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. அத்தான் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரே மகன் தியாகு. தோட்டத்துப் பள்ளிக்கூடம், பதுளை, பேராதனைப் பல்கலைக்கழகம் என்று ஏறிப் போய், அங்கிருந்து உதவிச் சம்பளத்தில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவன், சாக்ரமெண்டோ என்ற ஊரில் சாலை இலாகாவில் எஞ்சினியராகி, அந்த நாட்டுப் பிரஜையும் ஆகியிருந்தான்.

எண்பதுகளின் கடைசி அது. நாட்டில் நடந்த கிளர்ச்சியால் ஊரில் கடையடைப்பு இல்லாத வாரமில்லை. பஸ் ஓடினால் அதுவே செய்தி. அம்மா லயத்து வரிசை வீட்டில் தனியாகக் கிடப்பதை நினைத்தால் வேலை ஓடவில்லை என்று தியாகு எழுதிக்கொண்டே இருந்தான். அக்கா பதிலுக்கு என்னிடம் சொல்லி எழுத வைத்தது இரண்டே வரி.

"வந்து பாக்குறேன்னு எழுது. இருக்கேன்னு எழுதாத."

சாக்ரமெண்டோவுக்குப் போய்ச் சேர்ந்த முதல் நாள் முழுவதும் தூங்கினோம். இரண்டாம் நாள் எழுந்து ஜன்னலைத் திறந்ததும் அடுப்பைத் திறந்த மாதிரி சூடு முகத்தில் அடித்தது. கலிஃபோர்னியா என்றதும் கடலும் காற்றும் என்று நினைத்து வந்தவன் நான். இந்த ஊர் உள்நாட்டில், ஒரு பெரிய சமவெளியின் நடுவில் இருக்கிறது. கோடையில் புல்லெல்லாம் காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடக்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு மேடு கிடையாது. அக்கா வாசலில் நின்று நான்கு பக்கமும் பார்த்தாள்.

"எங்கடா மலையே காணோம்? ஆளுங்க எதை வச்சு வழி கண்டுபிடிக்கிறாங்க?"

"போர்டு இருக்குக்கா. படிச்சுக்குவாங்க."

"அது சரி" என்றாள்.

காலைத் தேநீர் அடுத்த அதிர்ச்சி. தியாகு கோப்பையில் வெந்நீர் ஊற்றி, நூல் கட்டிய சிறு காகிதப் பையை அதில் தொங்கவிட்டு அம்மாவிடம் நீட்டினான். முப்பத்தொன்பது வருடம் கொழுந்து எடுத்தவள் அப்படி ஒன்றைக் கையில் பிடித்துப் பார்ப்பது அதுவே முதல் தடவை. இன்னொரு பையை எடுத்துக் கிழித்து உள்ளங்கையில் கொட்டி, விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது தூளுக்கும் கீழடா. ஃபாக்டரியில சாயங்காலம் கூட்டி அள்ளுறது. இதுக்குப் போயி சட்டை தைச்சுப் போட்டிருக்கானுங்க."

நல்லவேளை, எங்கள் பெட்டியில் ஒரு கிலோ தூள் இருந்தது. மறுநாளிலிருந்து தியாகு வேலைக்குப் போகும்போது ஒரு பிளாஸ்கில் அம்மா போட்ட தேத்தண்ணியும் போனது.

அவன் காலை ஏழு மணிக்குக் காரில் ஏறினால் மாலை ஆறுக்குத்தான் வருவான். அதுவரை நாங்கள் இரண்டு பேரும், தொலைக்காட்சியும், ஒரு பெரிய குளிர்சாதனப் பெட்டியும். தெருவில் வீடுகள் இருந்தன, புல்வெளிகள் இருந்தன, தண்ணீர் தானாகத் தெளிக்கும் குழாய்கள் இருந்தன, மனிதர்கள் இல்லை. மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் நானும் அக்காவும் நடக்கக் கிளம்பினோம். அரை மைல் போவதற்குள் ஒரு கார் எங்கள் அருகே நின்றது. தொப்பி போட்ட ஒரு பெரியவர் கண்ணாடியை இறக்கி, "உங்கள் வண்டி எங்கே நின்றுவிட்டது? ஏறிக்கொள்ளுங்கள், கொண்டுபோய் விடுகிறேன்" என்றார். வண்டி இல்லை, சும்மா நடக்கிறோம் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. கொஞ்ச தூரம் எங்கள் கூடவே மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்துவிட்டுத்தான் போனார்.

"என்ன சொல்றாரு?" என்று அக்கா கேட்டாள்.

"நடக்குறவங்கள இங்க பாவமா பாக்குறாங்க."

அக்காவுக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அன்று மாலை தியாகுவிடம் முறையிட்டேன். "ரயில் இருக்கே மாமா" என்றான். போன வருடம்தான் விட்டார்களாம். வீட்டிலிருந்து இருபது நிமிட நடை. சனிக்கிழமை எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான்.

ரயில் நிலையம் என்றால் என் மனதில் இருப்பது எங்கள் பதுளை ஸ்டேஷன். பாதை அங்கே முடிந்துவிடும். அதற்கு மேல் போக இடமில்லாத ரயில் பெருமூச்சு விட்டு நிற்கும். பூந்தொட்டிகள், சிவப்பு வாளிகள், வெள்ளை உடுப்பில் ஸ்டேஷன் மாஸ்டர், வடை விற்கிறவர். தியாகு எங்களைக் கூட்டிக்கொண்டு போனது ஒரு பாலத்தின் மேல். கீழே ஃப்ரீவே. இந்தப் பக்கம் நான்கு வரிசை கார், அந்தப் பக்கம் நான்கு வரிசை கார். இரண்டு வெள்ளத்துக்கும் நடுவில் மணல்திட்டு மாதிரி ஒரு நீளமான சிமெண்டு மேடை. அதை ஒட்டித் தண்டவாளம்.

"ரோட்டுக்கு நடுவுலயாடா ஸ்டேஷனக் கட்டுனீங்க?" என்றாள் அக்கா.

"நான் கட்டலம்மா. நம்ம ஆபீஸ்தான் ரோட்டைக் கட்டுனது. நடுவுல எடம் மிச்சமிருந்துச்சு, அதுல ரயில விட்டுட்டாங்க."

படியிறங்கி மேடைக்குப் போனோம். இரண்டு பக்கமும் கார்கள் போகிற இரைச்சலில் பேச்சு காதில் விழவில்லை. அக்கா என் காதருகே வந்து, "ரோலர் ஓடுற எடத்துல நிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். தேயிலை ஆலையில் கொழுந்தை அரைக்கும் எந்திரங்கள் நான்கும் சேர்ந்து ஓடும்போது அப்படித்தான் இருக்கும். ஸ்டேஷன் மாஸ்டரைத் தேடினேன். அப்படி யாரும் கிடையாது. மணியும் இல்லை, கொடியும் இல்லை, வாசலில் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற ஆளும் இல்லை. ஒரு எந்திரம் டிக்கெட் கொடுத்தது. எப்போதாவது ஒருவர் வண்டிக்குள் வந்து கேட்பாராம்.

பாலத்தின் நிழல் மேடையில் குறுக்கே விழுந்திருந்தது. அக்கா போய் அந்த நிழலில் நின்றுகொண்டாள். மின்கம்பிக்குக் கீழே சத்தமில்லாமல் ஒரு வெள்ளை ரயில் வந்தது. அதுதான் கடைசி ஸ்டேஷன். வந்த ரயில் அப்படியே திரும்பி ஊருக்குள் போகும். கொஞ்ச தூரம் ஃப்ரீவே நடுவிலேயே ஓடும். பிறகு நகரத்துக்குள் நுழைந்து தெருக்களில் கார்களோடு கார்களாகப் போகும். சிவப்பு விளக்குக்கு ரயிலும் நின்றதைப் பார்த்து அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு எங்களுக்குப் பொழுது போக்கக் கஷ்டமில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் நானும் அக்காவும் ஊருக்குள் போய் வந்தோம். காய்கறிச் சந்தை ஒன்றைக் கண்டுபிடித்தோம். மெக்சிகோக்காரர்கள் சுடுகிற மெல்லிய ரொட்டியைத் தின்று பார்த்த அக்கா, "நம்ம ரொட்டிதான். தேங்காயப் போட மறந்துட்டாங்க" என்றாள். பெரிய பச்சை மிளகாயைக் கடித்துவிட்டு, "இது மொளகா இல்ல, காய்கறி" என்று திருப்பி வைத்தாள். வழியெல்லாம் நான்தான் பேசுவேன். டிக்கெட் எடுப்பது, வழி கேட்பது, ஸ்டேஷன் பெயரைப் படித்துச் சொல்வது எல்லாம் என் பொறுப்பு. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு வருவாள்.

ரயிலில் அடிக்கடி ஒரு பெண்ணைப் பார்த்தோம். அக்கா வயதுதான் இருக்கும். குள்ளமாக, வட்ட முகத்தோடு, தலையில் பூப்போட்ட துணியைக் கட்டியிருப்பாள். காலடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி, வாளி நிறையக் கீரை. லாவோஸ் நாட்டு மலைகளிலிருந்து யுத்தத்துக்குப் பிறகு வந்த மொங் ஜனங்கள் என்று தியாகு சொன்னான். ஆயிரக்கணக்கில் வந்து இந்தப் பக்கம் குடியேறியிருக்கிறார்களாம். ஒரு நாள் அக்கா எதிர் இருக்கையிலிருந்து குனிந்து வாளியிலிருந்த கீரை ஒன்றை எடுத்து, நகத்தால் காம்பைக் கிள்ளிப் பார்த்தாள். அந்தப் பெண் எங்களைப் பார்த்தாள். பிறகு தானும் ஒன்றை எடுத்து, அதே மாதிரி கிள்ளிக் காட்டினாள். இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

"முத்தல எடுக்கல. பிஞ்சாத்தான் எடுத்திருக்கா" என்றாள் அக்கா என்னிடம், ஏதோ நற்சாட்சிப் பத்திரம் வழங்குவது போல.

இப்படியே இரண்டு வாரம் போயிற்று. இருப்பதா, போவதா என்று அக்கா வாயைத் திறக்கவில்லை. தியாகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்ன மாமா சொல்றாங்க?" என்பான். எனக்கே தெரியாது. உண்மையைச் சொன்னால் அவள் என்னோடு திரும்பி வந்துவிடுவாள் என்றுதான் உள்ளூர நினைத்தேன். அது எனக்குப் பிடித்தும் இருந்தது. அம்மா இறந்தபோது எனக்கு ஏழு வயது. விடியற்காலை பெரட்டில் பெயர் கொடுத்து வேலைக்குப் போவதற்கு முன் எனக்குச் சோறாக்கி வைத்துவிட்டுப் போய், வெயிலில் காய்ந்து வந்து என் பாடப் புத்தகத்துக்கு அட்டை போட்டவள் அவள். அவள் இல்லாத பசறைப் பக்கத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மூன்றாம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை அது நடந்தது.

ஊருக்குள் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். பிற்பகல் மூன்று மணி இருக்கும். வண்டியில் கூட்டம். அக்காவுக்கு அந்த மொங் பெண்ணின் பக்கத்தில் இடம் கிடைத்தது. நான் கொஞ்சம் தள்ளி, கழுத்தில் டை கட்டிய ஒரு வயதான கனவான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியர். நானும் ஆசிரியர் என்றதும் பேச்சு பிடித்துக்கொண்டது. "உங்கள் ஆங்கிலம் அச்சடித்த புத்தகம் போல இருக்கிறது" என்றார். இருபத்தாறு வருடமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தேனோ என்னவோ, எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இலக்கணம் பற்றி, இந்தக் காலத்துப் பிள்ளைகள் பற்றி, பதுளையில் பெய்கிற மழை பற்றி எல்லாம் அவருக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ரயில் நின்றது. இரண்டு பக்கமும் ஃப்ரீவே, நடுவில் சிமெண்டு மேடை. எல்லோரும் எழுந்தார்கள். கனவானும் எழுந்தார். கடைசி ஸ்டேஷன் வந்துவிட்டது என்று நானும் பேசிக்கொண்டே எழுந்தேன்.

"அக்கா, வா, வந்துருச்சு."

அக்கா அசையவில்லை. "இது நம்ம எடம் இல்லடா."

"எனக்குத் தெரியும்கா. எல்லாரும் எறங்குறாங்க பாரு. வா."

"இல்லடா தம்பி, இது இல்ல."

கனவான் வாசலில் நின்று, பேச்சின் மிச்சத்தைக் கேட்கக் காத்திருந்தார். நான் இறங்கி, அவருக்குக் கை கொடுத்து, விடைபெற்றுத் திரும்பினேன். கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் அக்கா எழுந்து நிற்பதும், எனக்குக் கையால் ஏதோ சைகை காட்டுவதும் தெரிந்தது. ரயில் போய்விட்டது. இறங்கியவர்களெல்லாம் தங்கள் கார்களைத் தேடிப் படியேறிப் போனார்கள். இரண்டு நிமிடத்தில் மேடையில் நான் மட்டும்.

பதுளை ஸ்டேஷனாக இருந்தால் ஓடிப்போய் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லலாம். அவர் போனைச் சுற்றி அடுத்த ஸ்டேஷனுக்குச் சொல்லுவார். அங்கே ஒருவர் அக்காவை இறக்கி, பெஞ்சில் உட்கார வைத்து, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, அடுத்த வண்டியில் ஏற்றி அனுப்புவார். இங்கே யாரிடம் சொல்வது? இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கானவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவரிடமும் பேச முடியாது. கண்ணாடி ஏற்றிய கார்களில், மணிக்கு அறுபது மைல் வேகத்தில் போகிறார்கள். கை ஆட்டினேன். ஒரு குழந்தை பதிலுக்குக் கை ஆட்டிவிட்டுப் போயிற்று.

கடைசி ஸ்டேஷனையும் தாண்டி ஷெட்டுக்கோ எங்கோ ரயில் அக்காவைக் கொண்டு போய்விட்டது, பயந்து போய் அதே வண்டியில் திரும்பி வருவாள் என்று கணக்குப் போட்டு, அங்கேயே நின்றேன். நிழல் என்று பேருக்கும் இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எதிர்ப்பக்கத்திலிருந்து ரயில் வந்தது. பெட்டி பெட்டியாக ஓடிப் பார்த்தேன். அக்கா இல்லை. அடுத்ததிலும் இல்லை. மூன்றாவது முறை, அக்கா போன திசையில் போகிற வண்டியில் ஏறினேன். இரண்டு நிமிடத்தில் அது நின்றது. மேலே பாலம். மேடையில் குறுக்கே நிழல். எங்கள் ஸ்டேஷன்!

அப்போதுதான் என் முட்டாள்தனம் முழுசாக விளங்கிற்று. நான் ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கியிருக்கிறேன். இரண்டும் ஒரே மாதிரி மேடை, ஒரே மாதிரி பெயர்ப் பலகை. பலகையைப் படிக்கவே இல்லை.

அக்கா அங்கே இல்லை. படியேறிப் பாலத்துக்கு ஓடினேன். வீட்டுக்கு ஓடினேன். வீடு பூட்டியிருந்தது. சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. அவள் வந்திருந்தாலும் உள்ளே போயிருக்க முடியாது. வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மணியை அடித்தேன், யாரும் இல்லை. திரும்பவும் ஸ்டேஷன் பக்கம் ஓடினேன். பாலத்து முனையில் ஒரு பெட்ரோல் ஷெட் இருந்தது. அங்கிருந்து தியாகு ஆபீசுக்குப் போன் செய்தேன்.

"தியாகு, அம்மாவத் தொலைச்சிட்டேன்டா."

கால் மணி நேரத்தில் வந்தான். காரைக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கினான். நான் சொன்னதையெல்லாம் கேட்டான். அவன் முகம் அப்படி வெளிறி நான் பார்த்ததில்லை.

"உங்கள நம்பித்தான அனுப்புனேன் மாமா. அம்மாவுக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது. வீட்டு விலாசம் தெரியாது. கீழ பாருங்க, இந்த ரோட்டைக் கடக்கப் பாத்திருந்தா…"

பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே கார்களைப் பார்த்தான். அந்த நிமிடம் எனக்குள் ஏற்பட்டதை எழுத வரவில்லை. அக்காவுக்கு ஏதாவது ஆகியிருந்தால், பசறைக்குப் போய் அந்த லயத்து ஜனங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று மட்டும் திரும்பத் திரும்பத் தோன்றியது.

தியாகு போலீசுக்குச் சொல்ல பெட்ரோல் ஷெட்டுக்குள் போனான். போனை எடுப்பதற்கு முன் கல்லாவில் நின்ற ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டான். "சேலை கட்டிய ஒரு அம்மாவைப் பார்த்தீர்களா?"

"ஆரஞ்சுத் துணி சுற்றியிருந்த அம்மாவா? நிழலுக்காக இங்கே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கீரை வாளி வைத்திருக்கும் அம்மாவோடு அந்தப் பக்கம் போனார்."

நான் அந்த ஆளிடம்தான் போனுக்குச் சில்லறை மாற்றியிருந்தேன். அவரிடம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அச்சடித்த புத்தகம் போல இங்கிலீஷ் பேசி என்ன பிரயோசனம்!

அவர் காட்டிய தெருவில் நீளமான இரண்டு மாடிக் கட்டடங்கள் வரிசையாக இருந்தன. ஒரே மாதிரி கதவுகள், வாசல்தோறும் செருப்புகள், கயிற்றில் காயும் துணிகள், ஓடியாடும் பிள்ளைகள். இந்த ஊருக்கு வந்து பதினாறு நாளில் வீடுகளுள்ள தெருவில் நான் பார்த்த முதல் மனிதக் கூட்டம் அது. கட்டடங்களுக்குப் பின்னால், ஃப்ரீவேயின் மதிலை ஒட்டிய காலி நிலத்தில் யாரோ பாத்தி பிடித்துக் கீரை போட்டிருந்தார்கள். ஐந்தாறு பெண்கள் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஆரஞ்சுச் சேலை. முந்தானையை இடுப்பில் செருகி, இரண்டு கையாலும் பறித்துத் தோளுக்கு மேல் கூடையில் போடுகிற பழக்கத்தில், இல்லாத கூடைக்கு அடிக்கடி கையை ஓங்கிவிட்டு, பிறகு வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள் அக்கா. அதைப் பார்த்து மற்ற பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எங்களைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

"எங்கடா போன நீ? தொலைஞ்சு போயிட்டியோன்னு பயந்தே போயிட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தியாகு போய் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கையெல்லாம் மண்.

அந்தக் கீரைக்காரப் பெண்ணின் பெயர் மாய். அவள் மருமகளுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்திருந்தது. நடந்ததை அவள்தான் சொன்னாள். ரயில் கடைசி ஸ்டேஷனுக்கு வந்ததும் இரண்டு பேரும் இறங்கியிருக்கிறார்கள். அடுத்த வண்டியில் தம்பி வருவான் என்று அக்கா நிழலில் நின்றிருக்கிறாள். வரவில்லை. சூடு தாங்காமல் பெட்ரோல் ஷெட்டில் உட்கார்ந்திருக்கிறாள். மாய் அவளைத் தனியாக விட மனமில்லாமல் கூடவே உட்கார்ந்துவிட்டு, கடைசியில் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"இது நம்ம ஸ்டேஷன்னு எப்படிக்கா தெரிஞ்சுச்சு?" என்று கேட்டேன்.

"நம்ம எடத்துல பாலத்து நெழல் விழும். நீ எறங்குன எடம் மொட்ட வெயிலு. இதுக்கு என்னத்தப் படிக்கணும்?"

மாய் எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. கையால் உருட்டித் தின்கிற ஒட்டும் சோறு, வேக வைத்த கீரை, உரலில் இடித்த மிளகாய்த் துவையல். ஒரு வாய் வைத்ததும் என் காதிலிருந்து புகை வந்தது. அக்கா கண்ணில் நீர் வழிய, "இங்க வந்து இன்னிக்குத்தாண்டா வாய்க்கு ஒணக்கையா சாப்பிடுறேன்" என்று இரண்டாம் முறை வாங்கிக்கொண்டாள். கட்டடத்தை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்து, "மாடி வச்ச லயம்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் தியாகு அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். பிறகு அம்மாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

"அம்மா, நான் தப்பு பண்ணிட்டேன். பகல் முழுக்க உங்கள இப்படிப் பூட்டி வச்சிட்டு நான் ஆபீசுல இருக்கேன். இன்னிக்கு என்னவாவது ஆகியிருந்தா? நீங்க மாமாகூட ஊருக்கே போயிருங்க. நான் வருசா வருசம் வந்து பாத்துக்கிறேன்."

எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மறுநிமிடமே அது போய்விட்டது.

"நான் இருக்கேன்டா" என்றாள் அக்கா.

நாங்கள் இரண்டு பேரும் அவளைப் பார்த்தோம்.

"ஒன்னோட ஃபிரிட்ஜுக்காக இல்ல, டீவிக்காக இல்ல. நீ சொன்னதுக்காகவும் இல்ல. இன்னிக்கு ரெண்டு வாளி கீரை பறிச்சேன். எத்தன கிலோன்னு ஒருத்தரும் நிறுத்துப் பாக்கல. கொறையுதுன்னு ஒருத்தரும் ஏசல. பறிச்சத அவ அப்படியே பாதி எங்கிட்டக் குடுத்துட்டா. நாப்பது வருசத்துல எனக்கு இப்படி ஒரு நாள் வந்ததில்ல." சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். "வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கா. வெங்காயம் நடணுமாம்."

"அவங்க பேசுறது உங்களுக்கு எப்படிம்மா புரிஞ்சுச்சு?"

"வியாழக்கிழமைன்னு எனக்குப் புரியல. ரெண்டு வெரலக் காட்டுனா. ரெண்டு நாள் கழிச்சு வான்னு நான் எடுத்துக்கிட்டேன்."

வியாழக்கிழமை நாங்கள் போனோம். வெங்காயம்தான்.

நான் புறப்படும் நாள் வந்தது. விமான நிலையத்துக்குக் காரிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்றான் தியாகு. ஊருக்குள் அவன் ஆபீஸ் வரைக்கும் ரயிலில் வந்து, அங்கிருந்து அவனோடு போய்க்கொள்கிறேன் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அந்த ரயிலில் தனியாக ஒருமுறை சரியான இடத்தில் இறங்கிக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. அக்கா ஸ்டேஷன் வரைக்கும் வந்தாள். கூட மாயும் வந்தாள்.

மேடையில் பாலத்து நிழலில் மூன்று பேரும் நின்றோம். சொல்ல வேண்டியதையெல்லாம் இரவே யோசித்து வைத்திருந்தேன். உடம்பைப் பார்த்துக்கொள், குளிர்காலத்தில் கம்பளி போட்டுக்கொள், மாதம் ஒரு கடிதம் சொல்லி எழுத வை, இப்படி. ஆரம்பிப்பதற்குள் அவர்கள் இரண்டு பேருக்கும் தகராறு வந்துவிட்டது. மாய் எனக்கு வழியில் சாப்பிட ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தாள். அக்காவும் ரொட்டி சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். என் பையில் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது. அக்கா தமிழில் சத்தம் போட்டாள். மாய் அவள் பாஷையில் சத்தம் போட்டாள். எட்டு வரிசைக் கார்களின் இரைச்சலுக்கும் மேலே இரண்டு பேர் குரலும் கேட்டது. மாய் ரொட்டியை வெளியே எடுத்தாள். அக்கா திரும்ப உள்ளே திணித்தாள். ரயில் வந்தது. இரண்டு பொட்டலத்தையும் என் இரண்டு கையிலும் கொடுத்து என்னை ஏற்றிவிட்டார்கள்.

"சனங்க எறங்குறாங்கன்னு எறங்கிறாத" என்றாள் அக்கா. கதவு மூடிக்கொண்டது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறு கையை மாயிடம் நீட்டி நீட்டி இன்னமும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதுளைக்கு வந்து சேர நான்கு நாளாயிற்று. மலையைக் கண்டதும் மூச்சு விட்டேன். வந்த மறுநாளே பஸ் ஓடிற்று. பசறைக்குப் போய், அங்கிருந்து நடந்து தோட்டத்துக்குப் போனேன். கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த நேரம். அக்காவின் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் ராசாத்தி என்னைத் தனியாகக் கண்டதும் அங்கேயே நின்றுவிட்டாள்.

"வாங்க மாஸ்டர். அக்கா எங்க?"

"அங்கேயே இருக்கேன்னுட்டாங்க."

கூடையோடு நின்ற பெண்கள் ஒவ்வொருவராகச் சுற்றி வந்தார்கள். ராசாத்தி தலையில் மாட்டியிருந்த கூடைக் கயிற்றை இறக்கினாள். அவளுக்கும் அக்காவுக்கும் முப்பது வருடப் பழக்கம். ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து வரிசையில் கொழுந்து எடுத்தவர்கள்.

"மகன் வேலைக்குப் போயிருவாரு. பகலெல்லாம் அது யாருகூடங்க பேசும்? அங்க தமிழாளு இருக்காங்களா?"

"தமிழாளு இல்ல. ஒரு கூட்டாளி புடிச்சிருக்காங்க. லாவோஸ்னு ஒரு நாடு, அங்கத்து மலையில இருந்து வந்த பொம்பள. இவங்க பாஷை அவங்களுக்குத் தெரியாது, அவங்க பாஷை இவங்களுக்குத் தெரியாது."

"அப்புறம் எப்படிங்க?"

"தெரியல. நான் ரயில் ஏறுறப்ப ரெண்டு பேரும் ஸ்டேஷன்ல நின்னு சண்டை போட்டுக்கிட்டிருந்தாங்க."

ராசாத்தி என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு முகமெல்லாம் சிரித்தாள்.

"சண்டை போடுற அளவுக்கு வந்துருச்சா? அப்ப இருந்துக்கும்" என்று சொல்லி, எனக்குத் தேத்தண்ணி போட உள்ளே போனாள்.